இந்திங்கிற பேரே பாரசீகம்: ரெண்டு மொழிக்குச் சொல் வந்த வழி

1/
ரெண்டு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம் மக்களே.

"இந்தி" எந்த மொழிச் சொல்? "உருது" எந்த மொழிச் சொல்?

முதல் கேள்விக்குப் பதில், பாரசீகம். ரெண்டாவதுக்குத் துருக்கியம். அந்நியச் சொல்லை எல்லாம் தூக்கிட்டு சுத்தமான இந்தி பேசப் போறேன்னு ஒருத்தர் கிளம்பினா, முதல்ல தூக்க வேண்டியது "இந்தி"ங்கிற பேரைத்தான்.

கொஞ்சம் நீளமான த்ரெட். ஒரு சாயா எடுத்துட்டு உக்காருங்க. அந்தச் சாயாவும் கீழ வருது.

2/
இந்தி எப்படிப் பாரசீகம் ஆச்சு?

சமஸ்கிருதத்துல "ஸ" வர்ற பல இடங்கள்ல, பழைய ஈரானிய மொழிகள்ல "ஹ" வரும். சமஸ்கிருதத்துல ஏழு "ஸப்த". பாரசீகத்துல "ஹஃப்த்". இதே விதிப்படி சிந்து நதி அவங்க வாயில "ஹிந்து" ஆச்சு. கி.மு. 500 வாக்குல ஆண்ட பாரசீகப் பேரரசர் முதலாம் டேரியஸ், தன் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளைக் கல்வெட்டுல பட்டியல் போட்டிருக்கார். அதுல "ஹிந்துஷ்" இருக்கு. சிந்து நதிப் பகுதிதான் அது.

ஷீராஸ் ஊர்க்காரர் ஷீராஸி. அதே மாதிரி ஹிந்த் நாட்டோடது ஹிந்தி.

இந்தியில வாரத்துக்கு "ஹஃப்தா"ன்னு பேர். ஏழு நாள், அவ்வளவுதான். மும்பைப் படத்துல ரவுடி வாரா வாரம் வசூல் பண்றதும் அதே ஹஃப்தா. நம்மூர்ல அதுக்கு மாமூல்னு பேர். அது அரபு. "வழக்கமானது"ன்னு அர்த்தம்!

3/
உருது?

துருக்கியத்துல "ஓர்து"ன்னா படை முகாம். ஆங்கிலத்துல பெருங்கூட்டத்தைச் சொல்ற "ஹோர்ட்" கூட இதே வேர்தான். டெல்லி அரண்மனையையும் கோட்டை நகரத்தையும் "உயர்ந்த முகாம்"னு மரியாதையா சொன்னாங்க. அங்க பேசின மொழிக்கு "உயர்ந்த முகாமின் மொழி"ன்னு பேர். அது சுருங்கி 18-ம் நூற்றாண்டோட கடைசியில வெறும் "உருது" ஆச்சு.

அதுக்கு முன்னாடி இதே மொழியை ஹிந்தவி, ஹிந்தி, தெஹ்லவி, ரேக்தான்னு பல பேர்ல கூப்பிட்டாங்க. 1253-ல பிறந்த அமீர் குஸ்ரோ தன் ஊர்மொழியைச் சொன்ன பேர் ஹிந்தவி.

உருதுக் கவிஞர்னு உலகமே கொண்டாடுற மிர்ஸா காலிப்போட கடிதங்கள் ரெண்டு தொகுப்பா வந்துச்சு. 1868-ல வந்ததோட பேர் "ஊத்-ஏ-ஹிந்தி". 1869-ல வந்தது "உர்தூ-ஏ-முஅல்லா". ஒரே ஆள், ஒரே மொழி. ஒரு அட்டையில ஹிந்தி, இன்னொரு அட்டையில உர்தூ.

4/
"டாக்டருக்கு இதுல என்ன வேலை?"ன்னு கேப்பீங்க. நான் மொழியியல் படிச்சவன் இல்ல, எம்பிபிஎஸ்தான். ஆனா அரசு ஆஸ்பத்திரி ஓபியில உக்கார்ற எல்லாருக்கும் இது தினசரி வேலை. பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசத்துல இருந்து கட்டட வேலைக்கும் மில் வேலைக்கும் வந்த தம்பிங்க எங்ககிட்டதான் வர்றாங்க.

வந்து உக்காந்து "புகார் ஹை"ம்பாங்க. நம்ம காதுக்கு ஏதோ கம்ப்ளெயின்ட் குடுக்க வந்த மாதிரி இருக்கும். அவர் சொல்றது காய்ச்சல். "சக்கர் ஆ ரஹா ஹை"ம்பாங்க. சர்க்கரைன்னு கேக்கும். அவர் சொல்றது தலைசுத்தல்.

ஒரு சொல் தப்பினா கேஸ் ஷீட்டே தப்பிடும். அப்படி ஒவ்வொரு சொல்லா பின்னாடி போய்த் தேடினதுதான் இந்த த்ரெட்.

5/
முதல்ல நோய்ச் சொற்கள். இந்தியிலயும் உருதுவிலயும் சாதாரண ஜனங்க தினமும் சொல்றவை:

காய்ச்சல், புகார்: அரபு.
சளி, ஸுகாம்: அரபு.
வலி, தர்த்: பாரசீகம்.
காயம், ஸக்ம்: பாரசீகம்.
நோயாளி, மரீஸ்: அரபு. பீமார்: பாரசீகம்.
மருந்து, தவா: அரபு.
சிகிச்சை, இலாஜ்: அரபு.
மலச்சிக்கல், கப்ஸ்: அரபு.
மூலம், பவாசீர்: அரபு.
இருமல், காஞ்சி... எல்லாரும் இங்க சாதத்தை வடிச்ச கஞ்சியை நினைச்சிருப்பீங்க. இது "கான்சி". இது மட்டும் உள்ளூர்ச் சொல். தலைசுத்தல் சொல்ற சக்கரும் உள்ளூர்தான், சக்கரத்துல இருந்து வந்தது.

லக்னோவுல ஒரு பாட்டி டாக்டர்கிட்ட சொல்றதையும் லாகூர்ல ஒரு பாட்டி சொல்றதையும் பக்கத்துல வச்சா, பெருசா வித்தியாசம் தெரியாது.

6/
அரபுச் சொல் இந்தியாவுக்கு வந்த பிறகு அர்த்தமும் மாறியிருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது.

"புகார்" அரபுல நீராவி. உடம்பு கொதிக்குது, ஆவி பறக்குதுங்கிற எண்ணத்துல காய்ச்சல் ஆகிடுச்சு.

"நுஸ்கா" அரபுல கையால எடுத்த பிரதி. ஹக்கீம் எழுதித் தர்ற சீட்டு நுஸ்கா ஆச்சு. இன்னிக்கு வட இந்தியால "தாதிமா கே நுஸ்கே"ன்னா பாட்டி வைத்தியம். பிரதி எடுக்கவே ஒண்ணும் இல்லாத வைத்தியத்துக்கு அந்தப் பேர்!

"தகலீஃப்" அரபுல ஒருத்தர் மேல சுமையை ஏத்துறது. இந்தியில அது உடம்புத் தொந்தரவு. "க்யா தகலீஃப் ஹை?"ன்னு கேக்கும்போது, என்ன சுமை உங்க மேல இருக்குன்னுதான் கேக்கறோம்.

"குஸ்ஸா" அரபுல தொண்டை அடைக்கிறது. இந்தியில கோபம். "கரீப்" அரபுல அந்நியன், ஊருக்குப் புதுசானவன். இந்தியில ஏழை. ஊர்விட்டு ஊர் போனவன் நிலைமை என்னன்னு அந்தச் சொல்லே சொல்லிடுது.

7/
இன்னொரு சுவாரசியம். பாரசீகத்துல "குல்" ரோஜா, "ஆப்" தண்ணி. சேர்த்தா குலாப், அதாவது பன்னீர். அது அரபுக்குப் போய் "ஜுலாப்" ஆச்சு, மருந்து கலந்த இனிப்புத் தண்ணி. திரும்பி இந்தியாவுக்கு வந்தப்போ ஜுலாப்னா பேதி மருந்து! ஐரோப்பாவுக்குப் போன கிளை ஆங்கிலத்துல "ஜூலெப்"ங்கிற பானம்.

அதே "ஆப்"தான் பஞ்சாப்ல இருக்கு: அஞ்சு தண்ணி, அஞ்சு ஆறு. அதேதான் "பேஷாப்"லயும் இருக்கு. "முன் தண்ணி"ன்னு அர்த்தம். சிறுநீரை நாசூக்கா சொல்ல உண்டான சொல்.

8/
இப்போ உடம்பைப் படமா வரைஞ்சு பேர் எழுதுவோம்.

கண், ஆங்க். காது, கான். பல், தாந்த். கை, ஹாத். இதெல்லாம் அக்ஷி, கர்ண, தந்த, ஹஸ்தங்கிற பழைய சொற்கள் வாய்வழியா தேய்ஞ்சு வந்தவை.

கழுத்து, கர்தன். இடுப்பு, கமர். நெஞ்சு, சீனா. நகம், நாகூன். இதயம், தில். கல்லீரல், ஜிகர். சிறுநீரகம், குர்தா. ரத்தம், கூன். இதெல்லாம் பாரசீகம். மூளைக்குச் சொல்ற திமாக் அரபு.

கண் ஒரு ஊர், கழுத்து ஒரு ஊர். ஆனா உடம்பு ஒண்ணுதான். அந்நியச் சொல்லை வெளியேத்தறேன்னு ஆரம்பிச்சா கழுத்துல இருந்தே ஆரம்பிக்கணும். ரத்தம்கூட மிஞ்சாது.

9/
அப்போ மொழியே வெளியூரான்னா, அதுவும் இல்ல. ஒரு வாக்கியம் பாருங்க:

"மரீஸ் கோ தவா தே தோ." நோயாளிக்கு மருந்து குடுத்துடு.

மரீஸ் அரபு, தவா அரபு. ஆனா "கோ"ங்கிற வேற்றுமை உருபும் "தே தோ"ங்கிற வினையும் உள்ளூர். பெயர்ச்சொல்லை வாங்கலாம், வினையையும் உருபையும் வாங்குறது ரொம்ப அபூர்வம். எலும்புக்கூடு டெல்லியைச் சுத்தின கடீபோலிப் பேச்சு. மேல இருக்கிற சதைதான் நாலா பக்கத்துல இருந்து வந்தது.

இந்தியும் உருதுவும் ஒரே இலக்கணம்னு மொழியியலாளர்கள் சொல்றது இதனாலதான்.

10/
சரி, இவ்வளவு பாரசீகம் எப்படி வந்துச்சு? "வாளைக் காட்டித் திணிச்சாங்க"ன்னு சுலபமா சொல்லிடலாம். ஆனா சொற்களோட பட்டியலைப் பார்த்தா வேற கதை தெரியுது.

சர்க்கார், ஜமீன், ஜில்லா, தஹ்சீல், அதாலத், வக்கீல், கவாஹ், காகஸ், கலம், தர்க்வாஸ்த். எல்லாம் ஆபீஸ் சொற்கள்.

1206-ல டெல்லி சுல்தான்கள் ஆட்சி ஆரம்பிச்சதுல இருந்து பாரசீகம் அரசவை மொழி. அக்பரோட நிதி அமைச்சர் ராஜா தோடர்மால் 1582 வாக்குல வருவாய்க் கணக்கு முழுக்கப் பாரசீகத்துல இருக்கணும்னு ஆக்கினார். தோடர்மால் ஒரு காத்ரி இந்து. அதுக்கப்புறம் காயஸ்தரும் காத்ரியும் பிள்ளைங்களைப் பாரசீகம் படிக்க வச்சாங்க. ஏன்? சர்க்கார் உத்தியோகம். இன்னிக்கு நம்ம பிள்ளைங்களை இங்கிலீஷ் மீடியத்துல சேர்க்கிற அதே காரணம்.

11/
இந்தக் கச்சேரி மொழி நம்மகிட்டயும் வந்துச்சு. ஆற்காடு நவாப் ஆட்சி, அப்புறம் கம்பெனி ரெவின்யூ ஆபீஸ் வழியா. தாசில்தார், ஜில்லா, வக்கீல், ஜாமீன், ஜப்தி, வசூல், பாக்கி, ரசீது. இந்தியில ஒரு வார்த்தை தெரியாத நம்ம கிராமத்துப் பெரியவர்கூட இதுல எட்டும் சொல்வார்.

அரபு பெரும்பாலும் பாரசீகத்தோட பெட்டியில ஏறித்தான் வட இந்தியாவுக்கு வந்தது. அதுக்கு அடையாளம் இருக்கு. அரபுல "அ"ன்னு முடியற பல சொற்கள் பாரசீகத்துல "அத்"னு முடியும். அதாலத், ஹிம்மத், தபீயத், ஹகீகத்னு இந்தி அந்தப் பாரசீக வடிவத்தையே வச்சிருக்கு. நேரா அரபுகிட்ட வாங்கியிருந்தா இந்த "த்" தங்கியிருக்காது.

12/
இங்க ஒரு புதிர். பாபரோட தாய்மொழி துருக்கியம். அவரோட சுயசரிதை பாபர்நாமாவும் சகதாய் துருக்கியத்துலதான் இருக்கு. அப்போ இந்தி முழுக்கத் துருக்கியச் சொல் நிரம்பி இருக்கணுமே? இல்ல, கொஞ்சம்தான்.

கத்தரிக்கோல், கைஞ்சி. கத்தி, சாக்கூ. பீரங்கி, தோப். பஹாதுர், பேகம், கான். பாவர்ச்சி, கஜாஞ்சின்னு தொழில் பேர்ல வர்ற "ச்சி" விகுதி.

ராஜா வீட்டுல என்ன பேசினார்ங்கிறது முக்கியமே இல்ல. ஆபீஸ்ல எதுல எழுதினாங்கங்கிறதுதான் முக்கியம். அக்பர் காலத்துலயே பாபர்நாமாவைப் பாரசீகத்துல மொழிபெயர்த்துக்க வேண்டியிருந்துச்சு.

13/
இதைவிடப் பெரிய புதிர், போர்ச்சுக்கீசியம். டெல்லியை அவங்க ஒரு நாள்கூட ஆண்டதில்ல. 1498-ல கோழிக்கோடு வந்தாங்க, 1510-ல கோவாவைப் பிடிச்சாங்க, வங்காளத்துல ஹூக்ளியில இருந்தவங்களை 1632-ல ஷாஜஹானோட படை விரட்டிடுச்சு. ஆனாலும் வட இந்தியாவுல ஒரு வீட்டுக்குள்ள போய்ப் பாருங்க:

பூட்டைத் திறக்க சாபி. உள்ள கம்ரா. துணி வைக்க அல்மாரி. தண்ணிக்கு பால்டி. துடைக்க தௌலியா. சட்டைக்கு இஸ்திரி. கட்டினவர் மிஸ்திரி. வீடு கடன்ல போனா நீலாம்.

எட்டும் போர்ச்சுக்கீசியம்! நம்ம வீட்டுக்கு வாங்க: சாவி, அலமாரி, இஸ்திரி, மேஸ்திரி, ஏலம், கூடவே ஜன்னல். ஒரே கப்பல்ல வந்த சரக்கு. துறைமுகத்துல யாவாரத்துக்குப் பேசின உடைஞ்ச போர்ச்சுக்கீசியம், ரெண்டு மூணு நூற்றாண்டுக்கு இந்தியக் கடற்கரையோட பொதுமொழியா இருந்துச்சு. பொருள் போன இடத்துக்கெல்லாம் பேரும் போச்சு.

14/
சமையலறைக்குப் போவோம். சுத்த சைவக்காரர் வீட்டு இந்திச் சமையலறை.

காய்கறிக்கு சப்ஜி: பாரசீகம், "பச்சை"ன்னு அர்த்தம். உப்பு, நமக்: பாரசீகம். வெங்காயம், ப்யாஸ்: பாரசீகம். பனீர்: பாரசீகம். மசாலா: அரபு. ஹல்வா: அரபு. சமோசா: பாரசீக "சன்போசா". ஜலேபி: மேற்கு ஆசியாவோட "ஜுலாபியா".

முந்திரி, காஜூ. போர்ச்சுக்கீசியர் தந்தது. அவங்களுக்கு அது பிரேசில் பழங்குடிகளோட துப்பி மொழியில இருந்து கிடைச்சது. அன்னாசிக்குச் சொல்ற அனானாஸும் அங்க இருந்துதான். தீபாவளிக்குக் காஜூ கத்லி சாப்பிடறவர் அமேசான் பக்கத்து மொழியில ஒரு சொல்லைச் சேர்த்துத்தான் மெல்றார்.

நீங்க கையில வச்சிருக்கிற சாயா? சீனத்து "சா". தரைவழியா பாரசீகம் போய் "சாய்" ஆகி இந்திக்கு வந்தது. நம்ம டீ கடல்வழியா ஐரோப்பா சுத்தி வந்தது. ஒரே இலை, ரெண்டு ரோடு.

15/
ஒரு எச்சரிக்கை. ரெண்டு சொல் ஒரே மாதிரி ஒலிச்சா உடனே உறவு கொண்டாடக் கூடாது. காய்ச்சல் சொல்ற புகாருக்கும் நம்ம புகாருக்கும் சம்பந்தமே கிடையாது. "ஆம் ஆத்மி"ல வர்ற ஆம் மாம்பழம் இல்ல, "பொதுவான"ங்கிற அரபுச் சொல். ஆத்மியும் ஆத்மா இல்ல, ஆதமோட வழிவந்தவன். ரெண்டுமே அரபு வேர்.

காய்ச்சல்னு வந்தா எல்லாத்தையும் டைபாய்டுன்னு எழுத முடியுமா? டெஸ்ட் இருக்கு. சொல்லுக்கும் டெஸ்ட் உண்டு. எந்தக் காலத்துல எழுத்துல வருது, எந்த வழியா வந்துச்சு, ஒலி மாறினது விதிப்படி இருக்கா. இந்த மூணும் சேரணும். வாட்சப்ல வர்ற சொல்லாராய்ச்சி பெரும்பாலும் இந்த மூணுலயும் ஃபெயில்.

இன்னொண்ணு: பாரசீகமும் சமஸ்கிருதமும் ஒரே குடும்பம். நாகூன் பக்கத்துல நகத்தை வைங்க. புஜத்துக்குச் சொல்ற பாஸூ பக்கத்துல பாஹு. பஞ்ச் பக்கத்துல பஞ்ச. அந்நியன்னு விரட்டப் பார்க்கிறது பல நேரம் சித்தப்பா பையனை.

16/
அப்போ சண்டை எங்க ஆரம்பிச்சது?

1800-ல கல்கத்தாவுல கோட்டை வில்லியம் கல்லூரி. கம்பெனி அதிகாரிகளுக்கு ஊர்மொழி சொல்லிக் குடுக்கற இடம். அங்க ஜான் கில்கிறிஸ்ட் பாடப்புத்தகம் எழுத ஆள் வச்சார். மீர் அம்மன் "பாக்-ஓ-பஹார்" எழுதினார், டெல்லி ஜனங்க பேசின உருதுல. லல்லூலால் "பிரேம்சாகர்" எழுதினார், அரபு பாரசீகச் சொற்களை வேணும்னே விலக்கி, நாகரி எழுத்துல. ஒரே கல்லூரியில, ஒரே பேச்சுக்கு ரெண்டு உரைநடை.

இதே சமயத்துல லக்னோவுல இன்ஷா அல்லா கான்னு ஒரு உருதுக் கவிஞர். வெளிமொழிச் சொல்லே வராம ஒரு கதை எழுதிக் காட்டறேன்னு சவால் மாதிரி "ராணி கேத்கி கீ கஹானி" எழுதினார். சுத்த ஹிந்தவியில எழுதிப் பார்த்தவர் ஒரு முஸ்லிம் உருதுக் கவிஞர். அவருக்கு அது விளையாட்டு. பின்னாடி வந்தவங்களுக்கு அது அரசியல்.

17/
அரசியல் எங்க இருந்து? மறுபடியும் ஆபீஸ்தான்.

1837-ல கம்பெனி கோர்ட்டுகள்ல இருந்து பாரசீகத்தை எடுத்தாங்க. வட இந்தியாவுல அந்த இடத்துக்குப் பாரசீக எழுத்துல உருது வந்துச்சு. நாகரி மட்டும் தெரிஞ்சவருக்குக் குமாஸ்தா வேலை கிடையாது. 1881-ல பீகார்ல உருதுவை எடுத்துட்டு இந்தி. 1893-ல பனாரஸ்ல நாகரி பிரசாரிணி சபா. 1900-ல வடமேற்கு மாகாணத்தோட லெப்டினன்ட் கவர்னர் மெக்டானல், கோர்ட்டுல நாகரிக்கும் இடம் குடுத்தார். ஒரு பக்கம் கொண்டாட்டம், இன்னொரு பக்கம் கண்டனக் கூட்டம்.

வேலைக்கான சண்டை எழுத்துக்கான சண்டை ஆச்சு. எழுத்துச் சண்டை மதச் சண்டை ஆச்சு. அப்புறம் ஒவ்வொரு சொல்லுக்கும் சாதி சர்டிபிகேட் கேட்க ஆரம்பிச்சாங்க. தர்த் சொன்னா ஒரு கட்சி, பீடா சொன்னா இன்னொரு கட்சி.

18/
பிரிவினைக்கு அப்புறம் ரெண்டு நாடும் ஒரே வேலையைப் பண்ணுச்சு.

நம்ம அரசியலமைப்புல பிரிவு 351, இந்திக்குப் புதுச் சொல் வேணும்னா முதன்மையா சமஸ்கிருதத்துல இருந்து எடுக்கச் சொல்லுது. 1961-ல கலைச்சொல் ஆணையம் வந்துச்சு. அந்தப் பக்கம் உருதுவுக்குப் பாரசீகமும் அரபும். 1954-ல ஏத்துக்கிட்ட பாகிஸ்தான் தேசிய கீதத்துல, "உடைய"ன்னு அர்த்தம் வர்ற "கா" ஒண்ணைத் தவிர மத்த எல்லாமே பாரசீகத்துலயும் புழங்கற சொற்கள். ஒரு எழுத்துதான் ஊரு!

ஆனா உருதுவோட உண்மையான ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் என்ன தெரியுமா? சையத் அகமது தெஹ்லவி தொகுத்த "ஃபர்ஹங்-ஏ-ஆஸஃபியா" அகராதியில சுமார் 54,000 சொல். அதுல அரபு 7,584. பாரசீகம் 6,041. ரெண்டும் சேர்த்தாலும் கால்வாசிதான். "உருதுன்னா அரபு மொழி"ன்னு நினைக்கிறவங்க ரெண்டு பக்கமும் இருக்காங்க. அகராதி ரெண்டு பேர் சொல்றதையும் ஒத்துக்கல.

19/
இதனால யாருக்கு என்ன நஷ்டம்? இங்கதான் எனக்கு விஷயம் மொழியில இருந்து மருத்துவத்துக்கு வருது.

ஆஸ்பத்திரிக்கு சுத்த இந்தியில "சிகித்ஸாலய்". பழைய உருதுவுல "ஷிஃபாகானா". ரெண்டும் அழகான சொற்கள். ஆனா நெஞ்சைப் பிடிச்சிட்டு ஓடற மனுஷன் ரிக்ஷாக்காரர்கிட்ட சொல்றது "அஸ்பதால்". ஹாஸ்பிடலை ஜனங்க தன் வாய்க்கு ஏத்தமாதிரி செதுக்கிக்கிட்டது. இந்திக்காரரும் உருதுக்காரரும் சண்டை இல்லாம ஏத்துக்கிட்ட சொல் அது.

ஆபரேஷனுக்கு "ஷல்ய சிகித்ஸா"ன்னு போர்டு வச்சா, பேத்தியைக் கூட்டிட்டு வந்தாத்தான் பாட்டிக்கு வழி தெரியும். தன் தாய்மொழி போர்டைப் படிக்க ஒருத்தருக்குத் துணை வேணும்னா, அந்த போர்டு யாருக்காக?

20/
நியாயமா ரெண்டு விஷயம் சொல்லணும்.

புதுசா உருவாக்கின எல்லாச் சொல்லும் தோத்துடல. ராஷ்ட்ரபதி, சன்சத், ஆகாஷ்வாணி எல்லாம் ஜனங்க வாயில சாதாரணமா வருது. நம்மகிட்ட பேருந்து, மாவட்டம் ஜெயிச்ச மாதிரி. ரயிலுக்கு "லௌஹ பத காமினி"ன்னு கிண்டலுக்குச் சொல்றது மட்டும் கிண்டலாவே நின்னுடுச்சு.

அதே மாதிரி பாரசீகச் சொல்னாலே ஜனங்களுக்குப் புரியும்னும் இல்ல. டெல்லி போலீஸ் எஃப்ஐஆர்ல பழைய கச்சேரிக் காலத்து உருது பாரசீகச் சொற்களை அப்படியே எழுதிட்டு இருந்தாங்க. புகார் குடுத்தவருக்கே புரியாது. 2019-ல டெல்லி உயர் நீதிமன்றம், அகராதி தேட வைக்கிற சொல் வேணாம், புகார்தாரர் சொன்ன மொழியிலேயே எழுதுங்கன்னு சொல்லுச்சு. சரியான தீர்ப்பு.

21/
2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் முன்னாடி இன்னொரு வழக்கு. மகாராஷ்டிராவுல அகோலா மாவட்டம் பாதூர் நகராட்சி போர்டுல மராத்தியோட உருதுவும் இருந்துச்சு. உருதுவை எடுக்கணும்னு வழக்கு. நீதிமன்றம் தள்ளுபடி பண்ணிடுச்சு. மொழி வேற, மதம் வேற. போர்டு இருக்கிறது அந்த ஊர்க்காரங்களுக்குச் சேதி போய்ச் சேரத்தான்னு தெளிவா சொன்னாங்க. உருதுச் சொல் இல்லாம இந்தியில தினசரிப் பேச்சே நடக்காதுங்கிறதையும் சுட்டிக் காட்டினாங்க.

ரெண்டு தீர்ப்பையும் பக்கத்துல வைங்க. ஒண்ணு உருதுச் சொல்லை எடுக்கச் சொல்லுது, இன்னொண்ணு உருது இருக்கட்டும்னு சொல்லுது. முரண்பாடு மாதிரி தெரியும். கிடையாது. ரெண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வி: எதிர்ல நிக்கிறவருக்குப் புரியுதா?

22/
சொல்லுக்குக் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்னு நினைக்கிறேன். எங்க பிறந்த, யார் கூட்டிட்டு வந்தாங்கங்கிறது வரலாறு. தெரிஞ்சுக்க ரொம்ப ருசியா இருக்கும். ஆனா அதை வச்சு உள்ள விடறதா வெளிய தள்றதான்னு முடிவு பண்ண முடியாது. ரத்தம் ஏத்தறதுக்கு முன்னாடி குரூப் சேருதான்னு பார்ப்போம், நோய்த்தொற்று இருக்கான்னு பார்ப்போம். குடுத்தவர் எந்த மாநிலம், என்ன மதம்னு பார்க்கிறதில்ல. உடம்பு ஏத்துக்கிட்டா அது அந்த உடம்போட ரத்தம்.

எட்டு நூறு வருஷமா ஓடுற சொல்லை இப்போ பிரிச்சு எடுக்கணும்னா, நோயாளிதான் சாவார்.

23/
வட மாநிலத் தொழிலாளர்களோட வேலை செய்றவங்க, நர்ஸ், பார்மசிஸ்ட், சூப்பர்வைசர் நண்பர்களுக்காக நாலு வாக்கியம். எழுதி வச்சுக்கோங்க.

க்யா தகலீஃப் ஹை? என்ன தொந்தரவு?
தர்த் கஹாங் ஹை? வலி எங்க?
புகார் கப் ஸே ஹை? காய்ச்சல் எப்போலேர்ந்து?
கானே கே பாத் தவா லேனா. சாப்பிட்ட பிறகு மாத்திரை எடுத்துக்கோங்க.

தகலீஃப், புகார், பாத், தவா அரபு. தர்த் பாரசீகம். மிச்சமெல்லாம் உள்ளூர். இந்த நாலு வாக்கியத்தைச் சுத்தம் பண்ணிப் பாருங்க. ஜுரம், பீடா, ஔஷதம்னு மாத்தலாம். இலக்கணம் சரியாத்தான் இருக்கும். எதிர்ல இருக்கிற தம்பி முழிப்பார். காய்ச்சல் எத்தனை நாளாங்கிறது உங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

24/
கடைசியா ஒண்ணு.

"இன்குலாப் ஜிந்தாபாத்"ங்கிற கோஷத்தை உண்டாக்கினவர் மௌலானா ஹஸ்ரத் மோஹானி. ஊரெல்லாம் கொண்டு போனவர் பகத் சிங். இன்குலாப் அரபு, ஜிந்தாபாத் பாரசீகம். வெள்ளைக்காரனை நடுங்க வச்ச கோஷத்துல ஒரு சொல்கூட உள்ளூர் இல்ல.

"ஜெய் ஹிந்த்"? ஜெய் சமஸ்கிருதம். ஹிந்த் பாரசீகம் வழியா திரும்பி வந்த நம்ம சிந்து. பாதி இங்க, பாதி போய் வந்தது. அந்த ரெண்டையும் சேர்த்துச் சொல்லும்போது யாருக்கும் தொண்டையில சிக்கினதில்ல.

உங்க வீட்டுல, வேலை இடத்துல புழங்கற இந்த மாதிரிச் சொல் இருந்தா கமெண்ட்ல போடுங்க. எந்த வழியா வந்திருக்கும்னு சேர்ந்து தேடுவோம்.